ரோதமுனி கோயிலடியில் ஒரு ஸூம் வகுப்பு

உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சி வகுப்பின் முதல் நாளில் பயிற்றுநரின் நெற்றியும் ஒரு கண்ணும் மட்டுமே என் கைபேசித் திரையில் உறைந்து நின்றன. ஹட்டனிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம், தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்திலுள்ள ரோதமுனி கோயிலடி ஒன்றுதான். மழையில் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு, இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, "தோள்களைத் தளர விடுங்கள்" என்ற குரலுக்குக் காது கொடுத்து நின்ற என்னைக் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் வேடிக்கை பார்த்தபடி போனார்கள்.

எனக்கு 46 வயது. தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. இடது மார்பகத்தையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்ற வேண்டும் என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என்னோடு ஆசிரியர் கலாசாலையில் படித்து, இப்போது கொழும்பில் உளவளத்துணையாளராக இருக்கும் தோழிதான் தமிழில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்த்துவிட்டாள். புற்றுநோய் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த ஆறு பெண்கள், வாரத்தில் மூன்று மாலைகள், அரை மணி நேரம். மருத்துவரிடம் சொல்லாமல் சேரக்கூடாது என்பது பயிற்றுநரின் முதல் நிபந்தனை. மருத்துவரோ, "தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் ஒரு குளிசையையும் நிறுத்தக்கூடாது" என்றார்.

கற்றது மூன்றே விடயங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுவது முதலாவது. வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துவது இரண்டாவது; ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை அது. மூன்றாவது, கண்ணை மூடி மனதுக்கு இதமான ஓர் இடத்துக்குப் போவது. பயிற்றுநர் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நான் வாழ்நாளில் மூன்று தடவைதான் கடலைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு தடவை செருப்பை அலை கொண்டுபோய்விட்டது. அதைச் சொன்னதும் அவர் சிரித்து, "அப்படியென்றால் உங்கள் இடத்தை நீங்களே தெரிவு செய்யுங்கள், டீச்சர்" என்றார். காலை ஆறு மணிக்கு, பனி விலகாத மலையில், வாட்டத்துக்குப் போட்ட கொழுந்தின் வாசனை காற்றில் வரும் நேரத்தைத் தெரிவு செய்தேன். அதன் பிறகுதான் இந்தப் பயிற்சி எனக்குப் பிடிபட்டது.

சிக்னல் தொல்லையையும் சொன்னேன். மறுநாளே பன்னிரண்டு நிமிடக் குரல் பதிவொன்று வாட்ஸ்அப்பில் வந்தது. கைபேசியில் சேமித்துவிட்டால் டேட்டாவும் வேண்டாம், குடையும் வேண்டாம். நேரடி வகுப்பைவிட அந்தப் பதிவுதான் எனக்கு அதிகம் உதவியது என்பதை மறைக்க விரும்பவில்லை. லயத்தில் எல்லோரும் உறங்கிய பின் போர்வைக்குள் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவேன்.

முதலில் கொடுத்த திகதியில் அறுவைச் சிகிச்சை நடக்கவில்லை. விடியற்காலையிலிருந்து வெறும் வயிற்றோடு காத்திருந்தேன். பிற்பகலில், இன்று முடியாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோபத்துக்கு எந்த மூச்சுப் பயிற்சியும் உதவவில்லை, உதவியிருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. அடுத்த வாரம் தியேட்டர் வாசலில் தள்ளுகட்டிலில் கிடந்தபோது கைபேசி கையில் இல்லை. ஆனால் பதிவு மனப்பாடமாகியிருந்தது. வெளிமூச்சுகளை எண்ணினேன், இருபத்தாறு வரை நினைவிருக்கிறது. மார்பக அறுவைச் சிகிச்சைக்குச் சற்று முன் பதினைந்து நிமிட ஹிப்னோசிஸ் பெற்ற பெண்களுக்குப் பின்னர் வலியும் குமட்டலும் குறைவாக இருந்ததாக, 200 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்ததைப் பயிற்றுநர் சொல்லியிருந்தார். நான் செய்தது ஹிப்னோசிஸ் அல்ல. இருந்தாலும், என் நடுக்கம் குறைந்தது உண்மை.

பெரிய தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. இரண்டாம் நாள் தாதி மிஸ்ஸி வலிக் குளிசை கொண்டுவந்தபோது, மூச்சிலேயே சமாளித்துக்கொள்வேன் என்ற வீம்பில் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். இரவில் வலி ஏறியது. ஆழமாக மூச்சிழுக்கவே பயமாகி மேலோட்டமாக மூச்சு விட்டுக்கொண்டு, விடியும் வரை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் குரல்வழிச் செய்தியில் பயிற்றுநர் என்னைக் கடிந்துகொண்டார். பயிற்சி குளிசையோடு சேர்ந்து செய்வது, குளிசைக்குப் பதிலாகச் செய்வதல்ல. வலி தாங்கக்கூடிய அளவில் இருந்தால்தான் இருமவும் நடக்கவும் நெஞ்சு நிறைய மூச்சிழுக்கவும் முடியும். புற்றுநோயாளரின் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மனக்கவனப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னெஸ்) பரிந்துரைக்கும் 2023ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதல்கூட, அதை வழமையான சிகிச்சைக்குத் துணையாகத்தான் வைக்கிறது.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள், காயத்திலிருந்து வடியும் நீரைச் சேர்க்கும் டிரெயின் போத்தலை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுபடி வகுப்பில் சேர்ந்தேன். பாதத்திலிருந்து மேலாக உடலின் ஒவ்வொரு பாகத்தையும் கவனித்து வருகையில், "இப்போது மார்பு" என்றார் பயிற்றுநர். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் இல்லாத இடத்தில் அரிப்பு இருந்தது. கமராவை அணைத்துவிட்டு அழுதேன். அவர் வகுப்பு முடிந்ததும் அழைத்து, இல்லாத மார்பில் இப்படி உணர்வு வருவது பலருக்கும் உள்ளதுதான் என்றும், அந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு உரிமை உண்டு என்றும் சொன்னார். மூன்று வாரங்கள் வயிற்றிலிருந்து நேராகக் கழுத்துக்குத் தாண்டினேன். இடது கைத் தசைகளை இறுக்கும் பயிற்சியையும் மருத்துவர் அனுமதிக்கும் வரை விட்டுவிடச் சொன்னார். மேற்கையின் உட்புறம் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது.

இப்போது சுவரில் விரல்களை நடக்கவைத்துக் கையை உயர்த்துகிறேன், உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் மூச்சை வெளியே விட்டபடி. எட்டிய இடத்தில் மகள் பென்சிலால் கோடு போடுகிறாள். அடுத்த மாதம் கதிர்ச் சிகிச்சை. அதற்குக் கையைத் தலைக்கு மேல் வைத்து அசையாமல் படுத்திருக்க வேண்டும். பயிற்றுநர் அதற்கென்றே எட்டு நிமிடப் பதிவொன்று அனுப்பியிருக்கிறார். நேற்று ஆறாவது நிமிடம் வரை கையை இறக்கவில்லை.