பாதி சொன்னேன்

நிலத்தை மீட்க வழி கேட்டு வக்கீலம்மாவிடம் வந்த ஒரு அக்காவுக்கு, அவர் பர்மியில் சொல்வதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். அன்று வக்கீலம்மா சொன்னதை நான் முழுசாகச் சொல்லவில்லை. நடந்தது 2014-இல். இன்னும் மனசு ஆறவில்லை.

அக்கா கொண்டுவந்தது 1980-இல் எழுதிய ஒத்திப் பத்திரம். அவருடைய அப்பா நாலு ஏக்கர் வயலை 1,500 க்யாட்டுக்குப் பக்கத்து ஊர் பர்மியக் குடும்பத்திடம் ஒத்தி வைத்திருந்தார். வட்டி கிடையாது, விளைச்சல் அவர்களுக்கு. மடிப்பில் தாள் விட்டுப்போய், சோற்றுப்பசை வைத்து ஒட்டியிருந்தது. மேலே பர்மி எழுத்து. அடியில் அப்பாவே தமிழில் ஒரு வரி: "பணம் கொடுத்த அன்றே மீட்டுக்கொள்ளலாம்." எத்தனை வருடத்துக்குள் என்று இல்லை.

அவர் பணம் சேர்க்காமல் இல்லை. 1987 அறுவடைக்குப் பிறகு மீட்டுவிடலாம் என்று 75, 35 க்யாட் நோட்டுகளாகச் சேர்த்து வைத்திருந்தாராம். செப்டம்பர் 5-ஆம் தேதி அந்த நோட்டெல்லாம் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. மாற்றியும் தரவில்லை. எங்கள் வீட்டிலும் அன்று அடுப்பு எரியவில்லை, அதனால் அக்கா அதைச் சொன்னபோது என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

2012-இல் புது விளைநிலச் சட்டம் வந்தது. ஒத்தி வாங்கியவரின் மகன் தன் பெயரில் ஏழாம் நம்பர் படிவம், அதாவது அந்த நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்று, வாங்கிவிட்டார்.

வக்கீலம்மா நிதானமாகச் சொன்னார். 1953 சட்டப்படி நிலம் அரசாங்கத்துடையது, அடமானம் வைக்கவே கூடாது, அதனால் பத்திரமே செல்லாது என்பார்கள். ஆனால் ஒத்தி என்று ஏற்றுக்கொண்டால், பழைய காலவரம்புச் சட்டத்தில் மீட்க 60 வருடம் இருக்கிறது. கிராமக் குழுவில் தொடங்கி டவுன்ஷிப், மாவட்டம் என்று ஏற வேண்டும். கஷ்டம், ஆனால் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவங்களே முடிவு பண்ணட்டும்.

"என்ன தம்பி சொல்றாங்க?"

"முடியாதுன்னு சொல்றாங்கக்கா."

"ஒத்தி வச்சா வித்ததா ஆயிடுமா தம்பி?"

"ஆகாதுக்கா. ஆனா பேப்பர் அவங்க பேர்ல இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? அக்காவின் காதில் தோடு இருந்தது. விற்பதற்கு அது ஒன்றுதான் பாக்கி. இந்த மாதிரி வழக்குகளில் படி ஏறிப் படி ஏறி, கடைசியில் பஸ் காசுக்கும் கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அக்காவுக்கு நல்லதுதான் செய்தேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன்.

அது மட்டும்தான் காரணமா என்று தெரியவில்லை. ஏழாம் நம்பர் வாங்கிய மகனையும் எனக்குத் தெரியும். அவர் பிறந்ததே ஒத்திக்கு அப்புறம்தான். உப்புத்தண்ணி ஏறிய வருடம் அவர்கள் குடும்பமே நின்று கரை போட்டது. என் தாத்தா ஒரு செட்டியாரின் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர். 1930-இல் நெல் விலை விழுந்ததும் கடனைக் கட்ட முடியாத பர்மியர்களின் வயல்கள் கடைக்கு வந்ததை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களின் நிலத்தில் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீதம். எட்டே வருடத்தில் 25 சதவீதம் ஆனது. அந்தப் பர்மியர்கள் எழுதிய பத்திரங்களிலும் யாராவது ஒரு அப்பா கடைசி வரி எழுதியிருப்பார். அன்று அது என் மனசில் ஓடியதா, இல்லை பிறகு நானே கண்டுபிடித்த சமாதானமா?

எதுவானாலும் அக்கா கேட்டது என் கருத்தை இல்லை. வக்கீலம்மா சொன்னதைத்தான் கேட்டார்.

அவர் போனதும், "எல்லாம் சொல்லிட்டியா?" என்றார் வக்கீலம்மா. சொல்லிட்டேன் என்றேன்.

பத்திரத்தின் நகல் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. 1980-லிருந்து 60 வருடம் என்றால் 2040. அக்காவின் பையன் மலேசியாவில் வேலை பார்க்கிறான். அவன் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் கூப்பிடவில்லை.