எரிந்த காட்டைப் பார்க்க டலஹாசிக்கு

கொடைக்கானல் பைன் காட்டில் நின்று படம் எடுத்துப் பழகியவர்களுக்கு, ஃபுளோரிடாவின் அபலாச்சிகோலா தேசியக் காடு முதல் பார்வையில் ஏமாற்றம்தான். மாநிலத் தலைநகர் டலஹாசியிலிருந்து 319ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும். வெயில் தரை வரை விழும். கீழே முழங்கால் உயரப் புல், அடிமரமெல்லாம் கரி. கொடைக்கானலில் இருப்பது வெளியூர்ப் பைனை வரிசை பிடித்து நட்ட தோப்பு. அதன் சருகுக்கு அடியில் தேடினாலும் அதிகம் கிடைக்காது. இங்கே நல்ல இடமாகப் பார்த்துக் குனிந்தால் ஒரு சதுர மீட்டரில் முப்பது, நாற்பது வகைச் செடி எண்ணலாம்.

மரத்தின் பெயர் லாங்லீஃப் பைன். ஊசியிலை ஒரு முழம் வரை நீளும். வர்ஜீனியாவிலிருந்து கிழக்கு டெக்சாஸ் வரை 9 கோடி ஏக்கர் இருந்தது, 1990களில் 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கியது. டர்பன்டைனுக்குப் பிசின் வடித்தார்கள், பலகைக்கு அறுத்தார்கள். மாவுச்சத்து நிறைந்த இளம் வேரை அவிழ்த்துவிட்ட பன்றிகள் தோண்டித் தின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, காட்டுத்தீயே கூடாது என்று நெருப்பை நிறுத்தினார்கள். இடி விழுந்து இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை எரிந்துகொண்டிருந்த காடு அது. நெருப்பு நின்றதும் ஓக் மரங்கள் மேலேறி நிழல் கட்டின. அதனால்தான் இப்போது மனிதர்களே திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள்.

பாதையோரத்தில் புல் குத்து மாதிரி ஒன்று தெரியும். புல் இல்லை, அதுதான் பைன் குட்டி. விதை முளைத்தபின் சில வருடம், சில சமயம் பத்து வருடம்கூட, தண்டே விடாமல் இப்படியே உட்கார்ந்திருக்கும்; வளர்ச்சியெல்லாம் ஆணிவேரில். ஊசிகளை விலக்கினால் நடுவில் வெள்ளிச் செதில் மூடிய மொட்டு. தீ வரும்போது வெளி ஊசிகள் கருகும், மொட்டு தப்பும். பழுப்புப் புள்ளி என்ற பூஞ்சை நோய் தொற்றிய ஊசிகளும் அதோடு எரிந்துபோவது உபரி லாபம். ஆனால் வேரும் தண்டும் சேரும் வேர்க்கழுத்து 8 மில்லிமீட்டராவது தடிக்காத குட்டி தீயில் பிழைப்பது கஷ்டம். 25 மில்லிமீட்டர் ஆனதும் திடீரென்று மேலே கிளம்பும். மொட்டு தரையை விட்டு எழுந்து, பட்டை இன்னும் தடிக்காத அந்த ஓரிரு வருடம் மறுபடி ஆபத்து. எரிக்கும் தேதி குறிப்பவர் நாட்காட்டியைவிட வேர்க்கழுத்தைப் பார்ப்பது நல்லது.

நடவு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பெரும்பாலும் குழித்தட்டு நாற்று, ஏக்கருக்கு 500, 600. அதிகம் கெடுவது ஆழத்தில். மொட்டு மண்ணுக்குள் போனால் நாற்று அழுகும். பழைய வயல் என்றால் முதலில் உளிக்கலப்பை விட்டு அடி இறுக்கத்தை உடைக்க வேண்டும். பிறகு களை விதையோடு மேல்மண்ணைப் பட்டையாகச் சீவித் தள்ள வேண்டும். சீவிய பள்ளத்துக்குள் மழை மண்ணை அடித்து வரும். அதனால் வேர்க்கட்டியின் தலை கொஞ்சம் வெளியே தெரியும்படி நடுவார்கள். நேர்த்தியாக மூடி மிதித்துவிட்டுப் போகிறவர்களின் நாற்றுதான் முதல் மழையில் புதையும்.

மரம் நட்டால் மட்டும் காடு வராது, புல்லும் வேண்டும். வயர்கிராஸ் என்ற கம்பி போன்ற புல்லும் உதிர்ந்த பைன் ஊசியும்தான் தீயைத் தரையோடு தரையாக எடுத்துச் செல்லும் திரி. ஒருமுறை உழுத நிலத்துக்கு இந்தப் புல் தானாகத் திரும்புவது அபூர்வம். நன்றாக விதை பிடிக்க மே, ஜூன் வாக்கில் எரிந்திருக்க வேண்டும். அந்த இலையுதிர்காலத்தில் பூத்து, நவம்பர் கடைசியில் அறுவடைக்கு வரும். குளிர்காலத்தில் மட்டுமே எரித்துப் பழகிய காட்டில் போய் விதை தேடினால் வெறுங்கைதான்.

எரிப்பு நாளில் கணக்குகள் நிறைய. ஃபுளோரிடாவில் ஒவ்வொரு எரிப்புக்கும் மாநில வனத்துறையின் அனுமதி அன்றன்றைக்கு வாங்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், காற்று ஒரே திசையில் நிலையாக அடிக்க வேண்டும். எரியும் எண்ணெயைத் தரையில் சொட்டவிடும் கைக்கருவியான டிரிப் டார்ச்சில் மூன்று பங்கு டீசலுக்கு ஒரு பங்கு பெட்ரோல். பெட்ரோல் கூடினால் குபீரென்று ஆபத்தாகப் பற்றிக்கொள்ளும், குறைந்தால் பிடிக்காது. முதலில் காற்று போய்ச் சேரும் பக்கத்துத் தீத்தடுப்புக் கோட்டில் வைத்து, காற்றை எதிர்த்துப் பின்வாங்கி எரியவிடுவார்கள். மணிக்கு 20 முதல் 60 மீட்டர்தான் நகரும். பொறுமை இழந்து காற்றோடு ஓடவிட்டால் உச்சிக் கொண்டை கருகும். புகையும் பெரிய தலைவலி: இரவில் பள்ளத்தில் இறங்கி மூடுபனியோடு சேர்ந்தால் நெடுஞ்சாலையில் கண் தெரியாது.

இதையெல்லாம்விட நுணுக்கமான வேலை, பல பத்தாண்டுகள் எரியாத காட்டில் முதல் தீ வைப்பது. பெரிய மரங்களின் அடியில் சருகு மக்கி மெத்தையாகச் சேர்ந்திருக்கும். மரமும் அதற்குள் சல்லிவேர் விட்டிருக்கும். தீ மேலோட்டமாகப் போய்விட்டது என்று எல்லோரும் வீட்டுக்குப் போனபின், மெத்தை மட்டும் மணிக்கணக்கில் கங்காகக் கனன்று வேரையும் பட்டையின் உள்தோலையும் வேகவைக்கும். மரம் அன்று பசுமையாகவே இருக்கும். ஓரிரு வருடத்தில் காயும். முன்னூறு வருட மரத்தை அப்படி இழந்த காடுகள் உண்டு. அதனால் மழை பெய்து அடிமட்டம் ஈரமாக இருக்கும்போதே, குளிர்காலத்தில், மேல் அடுக்கை மட்டும் தீய்த்து எடுக்க வேண்டும்; நாலைந்து முறை திரும்பத் திரும்ப. மறுநாள் காலையில் ஒவ்வொரு முதிய மரத்தின் அடியிலும் புகை வருகிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். மெத்தை நன்றாகக் குறைந்தபிறகே மே மாத எரிப்பு.

அபலாச்சிகோலாவில் வெள்ளை வளையம் தீட்டிய மரங்களை நிமிர்ந்து பாருங்கள். உருகிய மெழுகுபோலப் பிசின் வழியும் பொந்து தெரிந்தால் அது ரெட்-காக்கேடட் மரங்கொத்தியின் வீடு. உயிருள்ள முதிய பைனில்தான் அது குடைகிறது. ஒரு பொந்துக்கு வருடக்கணக்கில் ஆகும். ஏறி வரும் பாம்பைத் தடுக்கத்தான் பொந்தைச் சுற்றிக் கொத்திப் பிசினை வடியவிடுகிறது. 1989இல் ஹ்யூகோ புயல் தென் கரோலினாவில் பொந்து மரங்களைச் சாய்த்தபின், மரத்தில் சதுரமாக அறுத்து, ஆயத்தப் பெட்டியைச் செருகும் வழக்கம் பரவியது. 2024இல் இந்தப் பறவை அழியும் நிலை என்ற பட்டியலிலிருந்து ஆபத்து ஒரு படி குறைந்த பட்டியலுக்கு மாற்றப்பட்டது.

டலஹாசிக்கு வடக்கே 'டால் டிம்பர்ஸ்' ஆய்வு நிலையத்தில் 1960 முதல் வெவ்வேறு இடைவெளியில் எரிக்கப்படும் சிறு பாத்திகள் இருக்கின்றன. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அங்கே நிற்பவை பெரும்பாலும் பழைய வயலில் முளைத்த ஷார்ட்லீஃப், லாப்லாலி பைன்கள், லாங்லீஃப் அல்ல. 1966 முதல் தீ வைக்காமல் விட்ட ஒரு துண்டும் உண்டு. அதற்குள் இருட்டு, ஈர இலை, புல் கிடையாது. இப்போது தீக்குச்சி போட்டாலும் லேசில் பிடிக்காது.

போக ஏற்ற காலம், மே எரிப்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து. கறுப்புத் தரையில் பச்சைப் புல் விரலளவு நீட்டியிருக்கும். வெள்ளைக் காலணி மட்டும் வேண்டாம்.