5,500 படிகளுக்குக் கிளியூரில் ஒத்திகை

ஏற்காடு ஏரியிலிருந்து கிளியூர் அருவிப் பக்கம் போக ஆட்டோக்காரர் கேட்டது 600 ரூபாய். தூரம் மூன்று கிலோமீட்டர். போய் வருவதற்கு என்றார். போக மட்டும் எவ்வளவு என்றேன், 500 என்றார். திரும்பி வர நூறுதான் ஆகிறதென்றால் போவதற்கு மட்டும் ஏன் ஐந்நூறு என்று கேட்டதற்கு, "போனால்தானே திரும்பி வர முடியும்" என்று பதில் வந்தது. அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் 600 ரூபாய் கொடுக்க மனமும் இல்லை. நடந்தோம்.

நாங்கள் என்றால் நான், என் மச்சினன், 61 வயதான என் அம்மா. வரும் பிப்ரவரியில் இலங்கைக்குப் போய்ச் சிவனொளிபாத மலை ஏறுவதாகத் திட்டம். டிக்கெட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் முழங்கால்களைச் சோதித்துவிடலாம் என்றுதான் ஐப்பசி மாத ஞாயிறு ஒன்றில் சேலம் புதிய பஸ் நிலையத்தில் ஏற்காடு பஸ் ஏறினோம். உட்கார இடமில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளும் நின்றபடியே. பதினோராவது வளைவில் ஒரு குழந்தை மச்சினனின் தோளில் வாந்தி எடுத்தது. அந்தப் பயணத்தைப் பற்றி அதற்கு மேல் சொல்ல விருப்பமில்லை.

ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மனதுக்குள் ஒரு கணக்கு ஓடியது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். சிவனொளிபாத மலையில் அடிவாரமான நல்லதண்ணியிலிருந்து 2,243 மீட்டர் உச்சிவரை ஏற வேண்டியதும் சற்றேறக்குறைய ஆயிரம் மீட்டர். அதாவது இந்த பஸ் உறுமிக்கொண்டு ஏறுகிற உயரத்தில் பெரும்பகுதியை நாங்கள் காலால், அதுவும் படியில், நள்ளிரவில் ஏறப் போகிறோம். 5,500 படிகள் என்கிறார்கள். மச்சினனிடம் சொன்னேன். "மாமா, இதை நீங்கள் கீழேயே சொல்லியிருக்கலாம்" என்றான்.

கிளியூரில் முதலில் இறங்கி, பிறகு ஏற வேண்டும். சிவனொளிபாதத்தில் இது தலைகீழ். ஏறிக் களைத்த காலோடுதான் இறங்க வேண்டும், வலியெல்லாம் அப்போதுதான் என்று போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அதனால் ஒரு சுற்றோடு நிறுத்தாமல் மூன்று சுற்று என்று முடிவு செய்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது, படியெல்லாம் வழுக்கல். அருவியில் நல்ல தண்ணீர், 300 அடி உயரத்திலிருந்து விழுகிற சத்தம் பாதையிலேயே கேட்டது. படிகளை எண்ணிக்கொண்டே போனேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் எண் வந்ததால் விட்டுவிட்டேன்.

மச்சினன் முதல் சுற்று முடிந்ததும் பஜ்ஜிக் கடையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அம்மா இருபது படிக்கு ஒரு முறை உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு சுற்றை முடித்தார். நான் எங்கும் உட்காரவில்லை. அந்தப் பெருமை மூன்றாவது சுற்றில் இறங்கும்போது போனது. வலது முழங்கால் தையல் இயந்திரம்போல் நடுங்கத் தொடங்க, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டேன். "உட்கார்ந்து ஏறு என்று சொன்னேன் அல்லவா" என்றார் அம்மா. மூன்று மணி நேரத்தில் ஏற வேண்டும் என்று நான் போட்டு வைத்திருந்த அட்டவணையை அங்கேயே கைவிட்டேன். இரவு 2 மணிக்குப் பதில் 12 மணிக்கே புறப்படுவோம். சூரிய உதயத்துக்கு உச்சியில் இருந்தால் மலையின் நிழல் மேகத்தின்மேல் முக்கோணமாக விழுவதைப் பார்க்கலாம். அதற்காகத்தான் இத்தனை பாடும்.

போக நினைப்பவர்களுக்குத் தேதிதான் முதல் விஷயம். டிசம்பர் பௌர்ணமி தொடங்கி மே மாதப் பௌர்ணமியான வெசாக் வரைதான் யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் பாதை விளக்குகள் எரியாது, மேலே காற்றும் மழையும். தைப்பூசத்தன்று ஏறினால் விசேஷம் என்று அம்மா ஆசைப்பட்டார். தைப்பூசம் என்றால் பௌர்ணமி. அங்கே பௌர்ணமி என்றால் போயா விடுமுறை, படிக்குப் படி ஆள் நிற்கும். வார இறுதியும் அப்படித்தான். செவ்வாய், புதன் என்று ஏதாவது சாதாரண நாளில் போவதே புத்தி.

உச்சியிலுள்ள பாதச் சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையது என்கிறார்கள், நாம் சிவனுடையது என்கிறோம், முஸ்லிம்கள் ஆதம் நபியுடையது என்கிறார்கள், கிறிஸ்தவர்களில் சிலர் புனித தோமையாருடையது என்கிறார்கள். கோயில் பௌத்தர்களின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, என் பட்டியலில் பூஜ்யம் எழுத முடிந்த ஒரே வரி அதுதான். மேலே ஒரு மணி தொங்குகிறது. எத்தனை முறை ஏறியிருக்கிறோமோ அத்தனை முறை அடிக்க வேண்டுமாம். எங்களுக்கு ஒரே ஓர் அடி.

பணம்தான் தொல்லை. தலைக்கு 30,000 ரூபாய், அதற்கு மேல் என்னால் முடியாது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் போகலாமே என்று முதலில் குதித்தேன். மழைக்காலத்தில் அதை நிறுத்திவிடுகிறார்கள், அதை நம்பி முன்கூட்டியே தேதி குறிக்க முடியாது. தவிர, இறங்குவது யாழ்ப்பாணப் பக்கம். சிவனொளிபாதம் இருக்கும் மலையகம் அங்கிருந்து வெகு தூரம். எனவே நாமக்கல் வழியாகத் திருச்சி, அங்கிருந்து கொழும்புக்கு விமானம், கொழும்பு கோட்டை நிலையத்தில் ரயில் ஏறி ஹட்டன், ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ். யாத்திரைக் காலத்தில் நேரடி பஸ் உண்டு. ஆட்டோ வேண்டவே வேண்டாம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்பதால் ஒவ்வொரு விலையும் முதலில் பயமுறுத்தும். மூன்றால் வகுத்துவிட்டுப் பயப்படலாம்.

மொழிக் கவலை இல்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பெரும்பாலும் தமிழ்தான். நூற்றைம்பது, இருநூறு வருடங்களுக்கு முன் சேலம், திருச்சி, மதுரைப் பக்கங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரன் பேத்திகள். அப்போது அங்கேயும் காப்பித் தோட்டங்கள்தான். 1869-இல் தொடங்கிய இலை நோயில் காப்பி அழிந்துபோன பிறகுதான் தேயிலை பரவியது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்பி தப்பிவிட்டது. அதில் ஒரு தம்ளர் 25 ரூபாய்க்கு ஏரிக்கரையில் குடித்தோம், தண்ணீராக இருந்தது.

இரவு சேலத்தில் இறங்கியதும் தட்டுவடை செட். இதைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதுவேன். இரண்டு தட்டுவடைக்கு, அதாவது தட்டைக்கு, நடுவே துருவிய பீட்ரூட், காரட், வெங்காயம், ஒரு பக்கம் பச்சைச் சட்னி, இன்னொரு பக்கம் சிவப்புச் சட்னி. அப்படியே முழுதாக வாய்க்குள் போக வேண்டும். கடித்துச் சாப்பிடுகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். ஆட்டோவுக்குக் கொடுக்காத 600 ரூபாயை நினைத்துக்கொண்டு மூன்று பேரும் கணக்குப் பார்க்காமல் தின்றோம், கடைசியில் ஆளுக்கொரு தட்டு நொறுக்கலும். மலைக்குச் சட்னியில்லாமல் வெறும் தட்டுவடை ஒரு பொட்டலம் எடுத்துப்போகிறோம். நாள்பட்டாலும் கெடாது.

மறுநாள் காலை, வாசற்படி இறங்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்த நிலையில், சேலத்திலேயே இருக்கும் பெரியேரிக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார் அம்மா. தலைவெட்டி முனியப்பனிடம் சொல்லாமல் கடல் தாண்டக் கூடாதாம். அந்தச் சிலை புத்தருடையது என்று 2011-இல் தொடங்கிய வழக்கில் 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அவருக்கு எடுத்துச் சொன்னேன். தொல்லியல் துறை பார்த்துச் சொன்ன அடையாளங்களையும் சொன்னேன்: தாமரைமேல் அமர்ந்த நிலை, தியானக் கை, சுருள் முடி, நீண்ட காது. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்படியானால் வசதியாகப் போயிற்று. அங்கே வருகிற விஷயத்தை இவரிடமே சொல்லிவிடலாம்."

அன்று மதியமே மூன்று டிக்கெட் போட்டேன். மச்சினனுக்கு ஜன்னலோர இருக்கை வேண்டுமாம், அதற்குத் தனிக் கட்டணம் காட்டியது. கிடையாது என்று சொல்லிவிட்டேன்.