கைதான நேரத்தை முதலில் எழுதுங்கள்

கொழும்பில் அரசாங்கம் ஆட்டம் கண்டால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கைது பற்றிய பயம் உடனே வந்துவிடும். போர் 2009 மே மாதத்தோடு முடிந்தது. ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதோடு போய்விடவில்லை. 2018 ஒக்டோபர் 26 அன்று பிரதமர் நீக்கப்பட்டபோதும், 2022இல் மக்கள் வீதிக்கு வந்தபோதும் சட்டப்புத்தகங்கள் அப்படியேதான் இருந்தன. யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதில்தான் குழப்பம். அந்தக் குழப்பத்துக்குள் ஒருவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார் என்பதையே மறந்துவிடலாம், அல்லது மறந்ததுபோல் இருந்துவிடலாம். மனித உரிமைப் பணி என்றதும் பலர் அறிக்கைகளை நினைக்கிறார்கள். குழப்பமான காலத்தில் அறிக்கையை விட மணிக்கூடுதான் முக்கியம்.

"பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம்" என்று ஒரு தாய் தொலைபேசியில் சொன்னால், ஏன் என்று கேட்பது வீண். அது அவருக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு, எத்தனை பேர், சீருடையா சிவிலா, வாகனத்தின் நிறமும் இலக்கமும் என்ன, பெயரும் பதவியும் சொன்னார்களா, கடதாசி ஏதும் தந்தார்களா, பிள்ளை என்ன உடுப்புப் போட்டிருந்தார் என்றுதான் கேட்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் "விடியப்பறம்" என்பார். அதை மணியாக மாற்றுவது கேட்பவரின் வேலை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. வலயம் வலயமாக அட்டவணை போட்டு வெட்டினார்கள். "கரண்ட் போன பிறகா, போக முந்தியா?" என்ற ஒரு கேள்வியால் நேரத்தை நன்றாகக் குறுக்கிவிடலாம். உடுப்பைக் கேட்பதற்கும் காரணம் உண்டு. வீட்டிலிருந்து போனபோது இருந்த சட்டை நீதிமன்றத்துக்கு வரும்போது இல்லையென்றால், அந்த மாற்றமே ஒரு கேள்வி. இரத்தம் பட்ட சட்டை கிடைத்தால் கழுவக்கூடாது, பொலித்தீனில் கட்டவும் கூடாது. ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடித்துவிடும். நிழலில் உலரவிட்டுக் கடதாசிப் பைக்குள் வைத்து, திகதியெழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நேரத்தில் இவ்வளவு பிடிவாதம் ஏன்? சட்டம் எண்ணத் தொடங்குவது அங்கிருந்துதான். சாதாரணக் கைதென்றால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழோ பிடித்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 28ஆம் பிரிவு பொருந்தும். கைதையும் வைத்திருக்கும் இடத்தையும் உடனடியாக, எப்படியும் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். வேண்டுமென்றே அறிவிக்காமல் விடுவது குற்றம். எனவே ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தையோ 1996 என்ற அவசர இலக்கத்தையோ அழைக்கும்போது, "மகனைக் காணவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடக்கூடாது. "இத்தனை மணிக்குக் கைது, உங்களுக்கு அறிவித்தல் வந்ததா?" என்று கேட்க வேண்டும். வரவில்லை என்ற பதிலும் பதிவுதான். பதில் சொன்னவரின் பெயரையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது கணக்கு ஒரு மாதம். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி அடிப்படை உரிமை மீறல் மனு மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வடகிழக்கில் மிக அதிகமாகத் தவறிப்போவது இதுதான். குடும்பம் முதல் வாரம் பொலிஸ் நிலையம் நிலையமாக அலையும், இரண்டாம் வாரம் அரசியல்வாதி வீட்டு வாசலில் நிற்கும், மூன்றாம் வாரம் சட்டத்தரணிக்குக் காசு தேடும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. இதை நம்பிச் சும்மா இருந்துவிடவும் முடியாது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருப்பதைக் காட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்ன வழக்குகள் உண்டு. ஆணைக்குழுவுக்குப் பதிவுத் தபாலில் நினைவூட்டல் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டிவைக்கச் சொல்வது அதனால்தான்.

இந்த மணிக்கூடுகளை ஓடவிடாமல் செய்ய ஒரு சுலபமான வழி இருக்கிறது. "ஒரு சின்ன விசாரணை, வந்துவிட்டுப் போங்கோ" என்ற தொலைபேசி அழைப்பு. கைது என்று பதியாதவரை 24ம் இல்லை, 48ம் இல்லை. அப்படி அழைப்பு வந்தால் மறுத்துச் சண்டை பிடிக்கத் தேவையில்லை. பெயர், பதவி, பிரிவு, இலக்கம் கேட்டு, தமிழில் எழுத்து மூல அழைப்பாணை தரும்படி மரியாதையாகச் சொல்ல வேண்டும். போவதென்றால் தனியே போகக்கூடாது. கூடப் போனவர் வாசலில் நின்று, உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறிக்க வேண்டும். மாலையாகியும் வெளியே வராவிட்டால் அது விசாரணை இல்லை, கைது. அப்படியே முறையிடலாம்.

ஆணைக்குழுவின் அதிகாரம் பெற்றவர்கள் முன்னறிவிப்பின்றித் தடுப்பிடங்களுக்குள் போகலாம். போனதும் பொறுப்பதிகாரியின் அறையில் தேநீருக்கு உட்கார்ந்துவிட்டால் வந்த காரியம் பாதி போச்சு. முதலில் தடுப்புக் கூட்டுக்குள் இருப்பவர்களை எண்ண வேண்டும், பிறகு பதிவேட்டை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், மிச்ச ஆள் பின்னறையிலோ விடுதிப் பக்கமோ இருக்கலாம், அல்லது வேறு நிலையத்துக்கு மாற்றியிருக்கலாம். மாற்றியதென்றால் அதற்கும் பதிவு இருக்க வேண்டும். தடுப்பிலிருப்பவரோடு காது எட்டாத தூரத்தில் பேச வேண்டும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் ஒப்பமிடச் சொன்னார்களா என்பது தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அதனால் அந்த ஒப்பம் ஆண்டுக்கணக்கில் சிறையாக மாறக்கூடியது. தவிர்க்கவே முடியாவிட்டால், "எனக்கு மொழி விளங்கவில்லை, வாசித்துக் காட்டவில்லை" என்று ஒப்பத்துக்கு மேலே தமிழில் எழுதலாம். எழுத விடாவிட்டால், முதல் தடவை நீதவான் முன் நிற்கும்போதே வாய்திறந்து சொல்ல வேண்டும்.

அடித்திருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் எவ்வளவு சீக்கிரம் போக முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போக வேண்டும். கண்டல் காயம் ஒன்றிரண்டு வாரத்தில் மங்கிவிடும். உள்ளங்காலில் அடித்தால் வெளியே அடையாளமே தெரியாமல் போகலாம். அறைக்குள் பொலிஸார் நின்றால் பலர் "விழுந்தேன்" என்றுதான் சொல்வார்கள். அவர்களை வெளியே அனுப்பும்படி வைத்தியரிடம் கேட்கலாம். 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைக்கெதிரான சட்டத்தில் ஆகக் குறைந்த தண்டனை 7 ஆண்டு. பத்திரிகைப் படத்தை விட, வைத்தியர் எழுதிய நான்கு வரிதான் அந்த வழக்கைத் தாங்கும்.

2022இல் இதெல்லாம் தெற்கிலும் தேவைப்பட்டது. மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதியின் வீட்டருகே நடந்த போராட்டத்தில் கைதானவர்களுக்காக நூற்றுக்கணக்கான சட்டத்தரணிகள் காசு வாங்காமல் வந்து நின்றார்கள். நல்ல காட்சி. வடக்கில் பல குடும்பங்களுக்கு ஒருவர்கூட வராத இரவுகள் நினைவில் இருக்கும்போது, அதைப் பார்ப்பதில் ஒரு கசப்பும் இருந்தது. மறைக்கத் தேவையில்லை. ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டு அன்றே திறக்கப்பட்டன. வட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பியவர்கள் அந்த மணித்தியாலங்களில் கை கட்டி இருந்தார்கள். சாதாரண அழைப்பு இலக்கங்கள் காகிதத்தில் இருக்க வேண்டும். ஊரடங்கில் அலுவலகத்துக்குப் போக முடியாது என்பதால் மாவட்டத்துக்கு இரண்டு பேரிடமாவது அந்தக் காகிதம் இருக்க வேண்டும்.

மே 9 அன்று ஆளும் தரப்பின் ஆதரவாளர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் போராட்டக்காரரைத் தாக்கினார்கள். அன்றே பதிலுக்கு வீடுகள் எரிந்தன. நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கும்பலால் கொல்லப்பட்டார். அந்த வாரத்தில் பிடிபட்டவர்களில் தாக்கியவர்களும் இருந்தார்கள், தாக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். கூட்டை எண்ணப் போகிறவர் யார் எந்தத் தரப்பு என்று கேட்டுப் பார்த்து எண்ணினால் அடுத்த முறை அவருக்கு யாரும் கதவு திறக்க மாட்டார்கள். ஒன்பது நாள் கழித்து, மே 18 அன்று, அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கி நினைவுகூர்ந்தார்கள். வடக்கிலோ நினைவேந்தல் நாட்கள் நெருங்கும்போது, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 106ஆம் பிரிவில் தடையுத்தரவு கேட்டுப் பொலிஸார் நீதிமன்றம் போவது வழக்கமாகிவிட்டது. அந்த உத்தரவை வாங்கியதும் மூன்றைப் பார்க்க வேண்டும்: எந்த நீதிமன்ற எல்லை, யாருடைய பெயர்கள், எத்தனை நாள். பெயர் இல்லாதவருக்கும் எல்லைக்கு வெளியே நிற்பவருக்கும் அதைக் காட்டி மிரட்டுவது நடக்கும். உத்தரவை மாற்றவோ நீக்கவோ நீதவானிடமே விண்ணப்பிக்கலாம். அதற்கு நினைவுநாளுக்கு முந்திய மாலை மட்டும் போதாது.

பிணை கிடைத்ததும் கோவையை மூடிவிடுவது இன்னொரு தவறு. ஞாயிறுதோறும் ஒப்பமிடுவது, கடவுச்சீட்டு, கைப்பற்றிய தொலைபேசி எல்லாம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். தொலைபேசியைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அது அவருடையதுதான் என்று காட்ட, ஒவ்வொரு தொலைபேசிக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ இலக்கம் உதவும். இலக்கம் பெட்டியில் இருக்கும். வீட்டில் பெட்டியை எப்போதோ எறிந்திருப்பார்கள்.