சோச்சா நதியோடு ஒன்பது நாள்

ஜூன் 9, 2025, திங்கள் – லியுப்லியானா

பன்னிரண்டு நாளில் பத்து நாடுகள் என்று விளம்பரம் செய்யும் ஐரோப்பியச் சுற்றுலாக்களைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு மாதமாவது பேசியிருப்போம். கடைசியில் நானும் கணவரும் எடுத்த முடிவு அதற்கு நேர் எதிரானது. ஸ்லோவேனியாவின் ஜூலியன் ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, எல்லை தாண்டி இத்தாலிக்குள் போய் ஏட்ரியாட்டிக் கடலில் கலக்கிற சோச்சா என்ற ஒரே ஒரு நதியை, ஊற்றிலிருந்து கழிமுகம் வரை பின்தொடரப் போகிறோம். சாலை இருக்கும் இடத்தில் காரிலும், அது நதியை விட்டு விலகும் இடத்தில் முதுகுப்பையோடு நடந்தும் போவது என்று திட்டம். நதியின் நீளம் சுமார் 138 கிலோமீட்டர். மதுரையில் நாங்கள் பார்த்து வளர்ந்த வைகையில் ஏறத்தாழப் பாதி.

இன்று ஸ்லோவேனியாவின் தலைநகரான லியுப்லியானாவில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டோம். இங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம், வண்டி போவது வலப்பக்கம். நகரத்துக்குள் மூன்று ரவுண்டானாக்களைச் சுற்றிய பிறகே கணவருடைய தோள்கள் இறுக்கம் தளர்ந்து இறங்கின. நாளை மலை ஏறுகிறோம்.

ஜூன் 10, செவ்வாய் – விர்ஷிச் கணவாய்

கிரான்ஸ்கா கோரா என்ற சிற்றூரிலிருந்து டிரென்டா பள்ளத்தாக்குக்குப் போக விர்ஷிச் கணவாயைக் கடக்க வேண்டும். உயரம் 1,611 மீட்டர். மொத்தம் 50 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது 24, இறங்கும்போது 26. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணையும் அந்த இடத்தின் உயரத்தையும் எழுதிய பலகை நிற்கிறது. ஏறும் பக்கத்து வளைவுகளில் தார் இல்லை, கல் பாவியிருக்கிறார்கள். சக்கரம் அதன்மேல் ஏறியதும் கார் முழுவதும் அதிர்ந்தது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் பலமுறை ஓட்டியவர் என்பதால் கணவருக்கு இதில் பயம் ஏதுமில்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் சாலைப் பணியில் இருந்த பொறியாளருக்கு ஒவ்வொரு தாங்குசுவரையும் இறங்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. "இங்க பாரு, சாந்தே இல்லாம கல்லை அடுக்கியிருக்காங்க. தண்ணி எந்தப் பக்கம் வடியணும்னு யோசிச்சு அடுக்கினது" என்று ஒரு சுவரைத் தடவிக் காட்டினார்.

அந்தக் கல்லை அடுக்கிய கைகள் யாருடையவை என்பது எட்டாவது வளைவில் தெரிந்தது. 1915 மே மாதம் இத்தாலி முதலாம் உலகப் போரில் இறங்கியதும், சோச்சா பள்ளத்தாக்கு முழுவதும் போர்முனையாயிற்று. முனையில் இருந்த தன் படைக்குத் தளவாடமும் உணவும் அனுப்ப ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு இந்த மலையைத் தாண்டி ஒரு சாலை தேவைப்பட்டது. கிழக்குப் போர்முனையில் பிடிபட்ட ரஷ்யப் போர்க்கைதிகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து இதை வெட்ட வைத்தார்கள். சாலை திறந்த பிறகும் பனி அகற்றும் வேலைக்கு அவர்களையே வைத்திருந்தார்கள். 1916 மார்ச் மாதம் ஏற்பட்ட பனிச்சரிவு அவர்களுடைய கொட்டகைகளையும் காவலர்களையும் சேர்த்து மூடியது. உயிர் பிழைத்த கைதிகள், இறந்த தங்கள் தோழர்களுக்காக அந்தச் சரிவில் மரத்தால் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். இரண்டு சிறு கோபுரங்களும் வெங்காய வடிவக் கூம்புகளுமாக ஊசியிலை மரங்களுக்கு நடுவே அது இன்றும் நிற்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாத இறுதியில் அங்கே நினைவுக் கூட்டம் நடக்கிறது. 2006 முதல் கிரான்ஸ்கா கோரா பக்கத்துச் சாலைக்கு 'ரஷ்யச் சாலை' என்றே பெயர்.

ஆலயத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தோம். நல்ல வெயில், சைக்கிளில் வந்த இளைஞர்கள் இருவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். இந்தச் சாலையில் இனி எந்த வளைவைக் கடந்தாலும் அதை அழகான மலைச்சாலை என்று மட்டும் சொல்ல என்னால் முடியாது.

ஜூன் 11, புதன் – ஊற்று

கணவாயிலிருந்து இறங்கி, கடைசி வளைவுகளுக்கு அருகே பிரியும் கிளைச்சாலையில் காரை நிறுத்தினோம். மலையேறிகள் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து ஊற்றுக்கு ஒற்றையடிப் பாதை போகிறது. முதலில் காட்டுக்குள் நடை, பிறகு பாறைமேல். கடைசிப் பகுதியில் பாறையோடு பதித்த எஃகுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். பலர் பிடித்துப் பிடித்துக் கயிறு வழவழப்பாக இருந்தது. நிழலில் கிடந்த இடங்களில் கை மரத்துப்போகும் குளிர்ச்சி. கீழே பார்க்க வேண்டாம் என்று கணவர் சொல்லிக்கொண்டே வந்ததால் நான் பாறையை மட்டுமே பார்த்தேன். சுண்ணாம்புப் பாறையின் ஒரு விரிசலில் நகத்தளவு மஞ்சள் பூ ஒன்று பூத்திருந்தது.

ஊற்று என்றதும் மண்ணிலிருந்து கசியும் நீரைக் கற்பனை செய்திருந்தேன். இது அப்படியல்ல. மலையின் வயிற்றைக் கீறியதுபோல ஒரு பிளவு. அதற்குள் கரும்பச்சையாக ஒரு குட்டை. அசைவே இல்லாதது போலத் தோன்றும் அந்த நீர், விளிம்பைத் தாண்டியதும் இரைச்சலோடு வெள்ளையாகக் கீழே பாய்கிறது. சுண்ணாம்பு மலையில் பெய்யும் மழையும் உருகும் பனியும் விரிசல்கள் வழியே உள்ளே இறங்கி, இங்கே ஒன்றாக வெளியே வருகின்றன. கையை நனைத்தேன். பத்து வரை எண்ணுவதற்குள் விரல் எலும்பு வலித்தது.

மாலையில் டிரென்டாவில் உள்ள 'அல்பீனும் யூலியானா' என்ற மலைத்தாவரத் தோட்டத்தைப் பார்த்தோம். திரியெஸ்தே நகரத்தைச் சேர்ந்த அல்பர்ட் போவா த ஷேன் என்பவர் 1926-இல் தொடங்கியது. போர் முடிந்து எட்டே ஆண்டுகளில், அதே பள்ளத்தாக்கில், ஒருவர் பூச்செடிகளைத் தேடித் தேடி நட்டிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது. இது திரிக்லாவ் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் வருகிற இடம். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கக்கூடாது. அனுமதி பெற்ற முகாமில் கூடாரம் போட்டோம்.

ஜூன் 12, 13 – நடை

இரண்டு நாளையும் சேர்த்தே எழுதுகிறேன், நேற்று இரவு எழுதும் நிலையில் நான் இல்லை. காரை டிரென்டாவிலேயே விட்டுவிட்டு, 'சோஷ்கா பாட்' என்ற நதியோரப் பாதையில் போவெட்ஸ் ஊரை நோக்கி நடந்தோம். பாதை அடிக்கடி தொங்குபாலங்களின் வழியே கரை மாறுகிறது. என் பை ஒன்பது கிலோ, கணவருடையது பதிமூன்று. பாலத்தின் நடுவே போகும்போது பலகைகளின் இடைவெளியில் தெரிந்த நீரின் நிறத்துக்கு என்னிடம் சொல் இல்லை. மரகதம் என்கிறார்கள். கிளிப்பச்சையில் பால் கலந்தாற்போல என்று நான் சொல்வேன். ஆனாலும் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரியும் தெளிவு.

சோச்சா என்றே பெயர் கொண்ட சிற்றூருக்கு அருகே 'பெருங்குடைவு' என்று பொருள்படும் வேலிக்கா கொரித்தா. 750 மீட்டர் நீளத்துக்கு நதி பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது. சில இடங்களில் பதினைந்து மீட்டர் ஆழத்தில், எட்டித் தாண்டிவிடலாம் என்று தோன்றும் குறுக்கத்தில். இந்த நீரில்தான் பளிங்கு டிரவுட் என்ற மீன் வாழ்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பழுப்பு டிரவுட்டோடு இனம் கலந்து அழிவின் விளிம்புக்குப் போனதை, ஒதுக்குப்புற ஓடைகளில் கலப்பில்லாமல் எஞ்சியிருந்தவற்றைக் கொண்டு மீண்டும் பெருக்கியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் மதியம் என் இடக்காலணியின் அடிப்பாகம் பிய்ந்தது. கூடாரக் கயிற்றால் கட்டிக்கொண்டு மீதி வழியை நடந்தேன். போவெட்ஸ் வந்தபோது இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அங்கிருந்து டிரென்டாவுக்குத் திரும்ப நாங்கள் குறித்து வைத்திருந்த பேருந்து ஜூலை, ஆகஸ்டில் மட்டுமே ஓடும் என்பது நிறுத்தத்தில் நின்ற பிறகுதான் தெரிந்தது. இரண்டு மணி நேரம் நின்றோம். வைக்கோல் கட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த வயதான தம்பதி தங்கள் வண்டியில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். எங்களுக்குள் பொதுவான மொழி இல்லை. இறங்கும்போது அந்த அம்மா என் காலைக் காட்டி ஏதோ சொல்லி, ஒரு பொட்டலம் செர்ரிப் பழத்தைக் கையில் திணித்தார்.

இரவு உணவு இந்தப் பகுதிக்கே உரியது: வேகவைத்த உருளைக்கிழங்கும் பனீரைப் போன்ற புதிய பாலாடைக்கட்டியும். அசைவம் தொடாத எங்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் பசி என்ற பேச்சே இல்லை.

ஜூன் 14, சனி – கோபரிட்

வால்நட்டும் உலர் திராட்சையும் அடைத்த கொழுக்கட்டை ஒன்று இந்த ஊரின் பெருமை. பூரணத்தை வாயில் வைத்ததும் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது.

1915 ஜூன் முதல் 1917 செப்டம்பர் வரை சோச்சா நெடுகிலும் இத்தாலியப் படை பதினோரு முறை தாக்கியது. பன்னிரண்டாவது போர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது: 1917 அக்டோபர் 24 அன்று ஆஸ்திரிய, ஜெர்மானியப் படைகள் இந்த ஊரருகே முனையை உடைத்தன. இத்தாலிய மொழியில் ஊரின் பெயர் கபொரெத்தோ. அந்த மொழியில் பெருந்தோல்விக்கே அது பெயராகிவிட்டது. 1990-இல் திறந்த இவ்வூர் அருங்காட்சியகத்துக்கு 1993-இல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியக விருது கிடைத்தது. யார் வென்றார் என்பதை அது முன்னால் நிறுத்தவில்லை; சிதைந்த முகங்களின் புகைப்படங்களையும், பனிக்குள் தூக்கிச் சென்ற சமையல் பாத்திரங்களையும் வைத்திருக்கிறது. ஊருக்கு மேலே குன்றின்மேல், புனித அந்தோணியார் ஆலயத்தைச் சுற்றி 1938-இல் எழுப்பிய நினைவகத்தில் ஏழாயிரத்துக்கும் அதிகமான இத்தாலிய வீரர்களின் எலும்புகள் உள்ளன. குதிகால் வலியால் படி ஏற நேரமாயிற்று. கணவர் பேசாமல் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டார்.

ஜூன் 15, ஞாயிறு – யாவோர்ட்சா

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் மறுபடி போகலாம் என்றால் இங்கேதான் வருவேன்.

டொல்மின் ஊரிலிருந்து ஒரு கார் மட்டுமே போகக்கூடிய மலைச்சாலையில் ஏறி, கடைசிப் பகுதியை நடந்து முடித்தால், மேய்ச்சல் நிலத்தின் மேட்டில் யாவோர்ட்சா ஆலயம். ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் வீரர்கள், போர்முனையிலிருந்து கிடைத்த இடைவேளைகளில், 1916 மார்ச் முதல் நவம்பர் வரை தங்கள் கையால் கட்டியது. வரைந்தவர் வியன்னாவைச் சேர்ந்த ரெமிகியுஸ் கெய்லிங் என்ற ஓவியர். வெளிச்சுவரில் பேரரசின் நாடுகள், மாகாணங்கள் இருபதின் சின்னங்கள். உள்ளே நீலமும் பொன்னும் கறுப்பும் வெள்ளையும்.

இருபுறச் சுவர்களிலும் புத்தக ஏடுகளைப் போல ஓக் மரப்பலகைகள். வெடிமருந்துப் பெட்டிகளைப் பிரித்து எடுத்த பலகைகள் அவை. அவற்றில் இந்த மலைகளில் இறந்த 2,564 வீரர்களின் பெயர்களைச் சூட்டால் பொறித்திருக்கிறார்கள். எழுத்துக்கு மிக அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தீ பட்ட கோட்டின் ஓரம் பழுப்பாகக் கசிந்திருக்கிறது. மரத்தின் வரி குறுக்கிட்ட இடத்தில் ஓர் எழுத்து சற்றே வளைந்து போயிருக்கிறது. சுட்டவருடைய கை அங்கே ஒரு கணம் நின்றிருக்க வேண்டும். ஹங்கேரியப் பெயர், ஸ்லாவியப் பெயர், ஜெர்மானியப் பெயர் என்று மாறி மாறி வருகின்றன. வாசிக்கத் தெரியாத பெயர்களையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.

வெளியே பசுக்களின் கழுத்துமணி கேட்டுக்கொண்டிருந்தது. கணவர் வாசற்படியில் உட்கார்ந்து, "அங்க பனி மூடின அதே மார்ச்சுலதான் இங்க வேலை ஆரம்பிச்சிருக்காங்க" என்றார். இரண்டு இடங்களுக்கும் நடுவே வெகு தூரமில்லை. ஒரே மாதத்தில், ஒரே படையின் பொறுப்பில், ஒரு மலையில் கைதிகள் புதைந்தார்கள். இன்னொரு மலையில் வீரர்கள் தங்கள் தோழர்களின் பெயருக்குச் சுவர் எழுப்பினார்கள். இதை எப்படிச் சேர்த்து நினைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 16, திங்கள் – சொல்கான், நோவா கோரிட்சா

இன்று கணவருடைய நாள். சொல்கானில் சோச்சாவைக் கடக்கும் ரயில் பாலத்தின் நடு வளைவு 85 மீட்டர் அகலம். கல்லால் கட்டிய ரயில் பாலங்களில் உலகத்திலேயே பெரிய வளைவு இதுதான். 4,533 கற்கள். இந்த ரயில் பாதையை 1906-இல் திறந்து வைத்தவர் இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட்; எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய கொலையில்தான் அந்தப் போர் தொடங்கியது. 1916 ஆகஸ்டில் பின்வாங்கிய ஆஸ்திரியப் படை இந்த வளைவைத் தகர்த்தது. இத்தாலியர்கள் 1927-இல் இரும்புப் பாலம் போடாமல், கல்லிலேயே மறுபடி கட்டினார்கள். கணவர் ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் நின்றார். வளைவு கட்டி முடியும்வரை கற்களைத் தாங்கிய மரச்சாரத்தை எப்படி நிறுத்தியிருப்பார்கள் என்பதைக் கூழாங்கற்களை வைத்து எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்தது.

மாலையில் நோவா கோரிட்சா. 1947-இல் போட்ட எல்லைக்கோடு கோரிசியா நகரத்தை இத்தாலிக்குக் கொடுத்தது. ரயில் நிலையமும் சுற்றுப்புறமும், ஸ்லோவேனியா அன்று சேர்ந்திருந்த யுகோஸ்லாவியாவுக்குப் போயின. அதனால் இந்தப் பக்கத்தில் ஒரு புதிய நகரத்தையே கட்டினார்கள். ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தின் நடுவே போன வேலி 2004-இல் அகன்றது. கோடு இருந்த இடத்தைத் தரையில் பதித்த வட்டத் தகடு காட்டுகிறது. இந்த ஆண்டு இரண்டு நகரங்களும் சேர்ந்து ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம். தகட்டின்மேல் ஒரு குழந்தை, இப்பக்கமும் அப்பக்கமும் கால்மாற்றிக் குதித்துக்கொண்டே இருந்தாள்.

ஜூன் 17, செவ்வாய் – கழிமுகம்

எல்லையைத் தாண்டியதும் நதிக்கு இசோன்சோ என்று பெயர். மலை முடிந்து சமவெளி. திராட்சைத் தோட்டங்களும் மக்காச்சோள வயல்களும். கழிமுகத்தில் ஈசோலா தெல்லா கோனா என்ற இயற்கைக் காப்பகம். சதுப்பு நிலத்தில் புல் மண்டாமல் இருக்க வெள்ளைக் கமார்க் குதிரைகளை மேய விட்டிருக்கிறார்கள். பறவை பார்ப்பதற்கான மரக்குடிலில் அரைமணி நேரம் இருந்துவிட்டு, கரைமேட்டில் நடந்தோம். நதி இரைச்சலே இல்லாமல், அகலமாக, கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. நிறத்தில் மட்டும் அந்தப் பால் பச்சை இன்னும் மிச்சமிருந்தது.

கணவர் குனிந்து கரையோர வண்டலை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். மாவாக இருந்தது. "அன்னைக்கு நீ கயிறு புடிச்சுக்கிட்டுப் போனேல்ல, அந்தப் பாறைதான்" என்றார். என் உள்ளங்கையிலும் கொஞ்சம் வைத்தார்.

நாளைக் காலை பத்து மணிக்குள் காரை ஒப்படைக்க வேண்டும். நெடுஞ்சாலையில் லியுப்லியானாவுக்கு ஒன்றரை மணி நேரம்தான். வண்டியில் ஏறும்போது பார்த்தேன், வண்டல் காய்ந்து, கால்சட்டையில் அவர் கைதுடைத்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது.