கண்புரை அறுவைக்குப் பின் மிஞ்சும் சிலிண்டர்: கத்தியா, லேசரா?

கண்புரை எடுத்து ஒன்றரை, இரண்டு மாதம் ஆன பிறகும் கண்ணாடிச் சீட்டில் ‘+0.50 / −1.00 × 90’ (பவர் / சிலிண்டர் × அச்சு) என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பரவலாகச் செய்யப்படும் தையலில்லா அறுவையில், மேல்பக்கம் 6 மி.மீ. அளவில் திறப்பு வைத்தால் இப்படிப்பட்ட சிலிண்டர் (கருவிழி ஒரு திசையில் கூடுதலாக வளைந்திருப்பதால் வரும் பவர்) மிஞ்சுவது வழக்கம். அதைக் குறைக்கக் கருவிழியின் (கார்னியா) ஓரத்தில் வில் வடிவில் இரண்டு கீறல் போடுவார்கள். வைரக் கத்தியால் கையாலும் போடலாம், ஃபெம்டோ லேசராலும் (மிகக் குறுகிய துடிப்புகளால் வெட்டும் லேசர்) போடலாம். இரண்டிலும் வளைவு கூடிய திசை தளர்ந்து தட்டையாகிறது; அதற்குக் குறுக்குத் திசை ஏறக்குறைய அதே அளவு வளைகிறது.

அதனால் பவரின் சராசரி மாறாது. மேலே சொன்ன சீட்டில் சராசரி (பவருடன் சிலிண்டரில் பாதியைக் கூட்டியது) பூஜ்யம். கீறலுக்கு மிகப் பொருத்தமான கண். சராசரி −1.50-இல் நிற்கும் கண்ணுக்குக் கீறலால் தெளிவான தூரப் பார்வை வராது. அங்கே கருவிழியை லேசரால் செதுக்கிப் பவரை மாற்றும் பிஆர்கே அல்லது லாசிக்தான் பேச்சு. கண்ணுக்குள் டோரிக் லென்ஸ் (சிலிண்டரையும் சரிசெய்யும் லென்ஸ்) வைத்து அது சுழன்றிருந்தால், லென்ஸைத்தான் திருப்ப வேண்டும்; கருவிழியில் கை வைக்கக் கூடாது.

பெரிய தவறுகள் நடப்பது வெட்டும்போது அல்ல, அச்சைக் குறிக்கும்போது. மைனஸ் சிலிண்டரில் எழுதிய 90 கீற வேண்டிய இடம் அல்ல. வளைவு கூடியது 180-இல், அதாவது கிடைத்திசையில். கீறல் 3 மணி, 9 மணி இடங்களில் விழ வேண்டும். மாற்றிப் போட்டால் 1 டயாப்டர் (பவரின் அலகு) 2-ஐ நெருங்கும். லேசரிலும் அந்த எண்ணை உள்ளிடுவது மனிதர்தான். அடுத்தது, படுத்ததும் கண் சில டிகிரி சுழலும். ஆகவே உட்கார வைத்தே மையால் குறியிட வேண்டும். 10 டிகிரி பிசகினால் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்; 30 டிகிரி பிசகினால் சிலிண்டர் குறையாது, திசை மட்டும் மாறும்.

கையால் செய்யும்போது பொதுவாக 600 மைக்ரானில் நிறுத்திய வைரக் கத்தி போதும். அல்லது அந்த இடத்தில் பாக்கிமெட்ரி (கருவிழியின் தடிமன் அளவு) பார்த்து, மிக மெல்லிய அளவில் 90 சதவீதம் வைப்பார்கள். கீறலின் நீளத்தைச் சொல்லும் டோனன்ஃபெல்டு அட்டவணைப்படி 0.75 டயாப்டருக்கு 30 டிகிரியில் இரண்டு கீறல், 1.5-க்கு 60 டிகிரியில் இரண்டு. நம் 1 டயாப்டருக்குச் சுமார் 40. வயது 65-ஐத் தாண்டினால் 5 டிகிரி குறைக்க வேண்டும். வளைவு 180-இல் இருந்தால் 5 கூட்ட வேண்டும். எழுபது வயதுக்காரருக்கு இரண்டும் கழிந்துபோகும். கத்தி சாய்ந்தாலும், கண் மெத்தென்று இருந்தாலும் கீறல் ஆழம் குறைந்து பலன் குன்றும். கீறலில் நீர் கசிந்தால் துளை விழுந்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்தி பேண்டேஜ் லென்ஸ் (காயத்தை மூடும் மென்மையான கான்டாக்ட் லென்ஸ்) வைக்க வேண்டும், கசிவு நிற்காவிட்டால் 10-0 நைலான் தையல்.

லேசரில் உறிஞ்சு வளையம் கண்ணைப் பிடிக்கும். ஓசிடி படத்தில் (ஒளியால் எடுக்கும் குறுக்குவெட்டுப் படம்) தடிமனைப் பார்த்து 80 முதல் 85 சதவீத ஆழத்தில், 8 முதல் 9 மி.மீ. வட்டத்தில் கீறும். கத்தியின் கீறலைவிட இது நடுவுக்கு நெருக்கம், அதனால் பலன் கூடுதல். ஆகவே அதே அட்டவணையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பது பலரின் வழக்கம்: 40 டிகிரி சுமார் 27 ஆகும். குறைக்க மறந்தால் சிலிண்டர் எதிர்த்திசைக்குப் புரளும்.

லேசருக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பு துல்லியத்துக்கு அல்ல, இதற்குத்தான்: கீறலைத் திறக்காமல் விட்டுவைக்கலாம். சில வாரம் கழித்து அளந்து, சிலிண்டர் மிஞ்சியிருந்தால் சொட்டு மருந்தில் மரக்கச் செய்து, ஸ்லிட் லேம்பிலேயே (கண் பரிசோதிக்கும் நுண்ணோக்கி) சின்ஸ்கி என்னும் நுண்ணிய கொக்கியால் ஒரு கீறலைத் திறக்கலாம்; போதாவிட்டால் மற்றதையும். கத்திக்கு இந்த வசதி இல்லை.

ஆனால் கருவிழியில் தழும்பு, கருவிழிக்குள் நீண்ட சதை வளர்ச்சி, இடுங்கிய இமை, கிளாக்கோமா அறுவையின் பிளெப் (நீர் வடிய வைத்த கொப்புளம்) ஆகியவை இருந்தால் லேசர் சரிவராது. 1 டயாப்டர் அளவில், பழகிய கையின் கீறலுக்கும் லேசருக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கூடுதல் செலவுக்கு ஈடாகாது என்பது என் கருத்து.

எதைச் செய்வதானாலும் டோபோகிராபி (கருவிழியின் வளைவு வரைபடம்) பார்க்காமல் செய்யக் கூடாது. கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்பாகும் நோய்), ஓரம் மெலிந்த கருவிழி, கட்டுப்படாத முடக்குவாதம் (ரூமட்டாய்டு மூட்டு நோய்) இருந்தால் இரண்டுமே வேண்டாம். வறண்ட கண்ணில் எடுத்த அளவு நாளுக்கு நாள் மாறும். முதலில் அதைச் சரிசெய்து, இரண்டு தனித்தனி நாளில் அளந்து, இரண்டும் ஒத்துவந்த பிறகே தேதி குறிக்க வேண்டும்.