கட்டிவிட ஓர் ஆள் வேண்டும்

இங்கிலாந்தின் க்ளாஸ்டர்ஷருக்குக் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லையில் உட்கார்ந்து எதையோ எண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தால் இரும்புக் கையுறை! 1471 மே 4 அன்று அரியணைக்காக இங்கே நடந்த டியூக்ஸ்பரி போரை ஜூலை மாதத் திருவிழாவில் நடித்துக் காட்டும் கூட்டத்தில் அவரும் ஒருவர். "நீங்களும் வாங்களேன்" என்றார். இங்கே யாரும் யாரையும் சட்டென்று எதற்கும் கூப்பிடுவதில்லை. உடனே சரி என்றுவிட்டேன்.

நேராகக் கவசம் வாங்க விடமாட்டார்கள், முதலில் துணிதான். லினன் சட்டை, நம்மூர் கோவணத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி ஓர் உள்ளாடை, காலோடு ஒட்டி இடுப்புவரை ஏறும் கம்பளிக் காலுறை, மேலே டப்லெட் என்கிற இறுக்கமான மேல்சட்டை. எலாஸ்டிக் எல்லாம் கிடையாது. காலுறையை டப்லெட்டோடு சுற்றிலும் கயிறு போட்டு முடிய வேண்டும். உள்தையல் மிஷினில் போட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. வெளியே தெரிவது கைத்தையலாக இருக்க வேண்டும்.

கவசத்துக்கு அடியில் போடும் டப்லெட் வேறு. வீரனுக்குக் கவசம் பூட்டும் முறையை 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சுவடி ஒன்று வரிசையாகச் சொல்கிறது. உள்ளே சட்டையே கூடாது. டப்லெட்டுக்குச் சாட்டின் உள்துணி வைத்து நிறையத் துளை போட வேண்டும். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் இரும்பு வளையப் பின்னலைத் தைக்க வேண்டும். கட்டும் கயிறு குறுக்குவில் நாணுக்குத் திரிக்கிற மெல்லிய நூலில் செய்தது. அறாமலும் இழுபடாமலும் இருக்கச் செருப்புத் தைப்பவரின் மெழுகைத் தடவ வேண்டும். முழங்கால் முட்டி உரசாமலிருக்க மெல்லிய கம்பளித் துண்டு. இதை எழுதியவர் நிச்சயம் முட்டி தேய்ந்து அவஸ்தைப்பட்டவர்தான்!

அப்புறம்தான் இரும்பு. பாதத்தில் தொடங்கி மேலே ஏற வேண்டும். மொத்தம் இருபது, இருபத்தைந்து கிலோ வரும். உடம்பு முழுக்கப் பரவுவதால் ஓடலாம், விழுந்து எழலாம். கிரேன் வைத்துக் குதிரையில் ஏற்றினார்கள் என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் தொடைக்கவசம் டப்லெட்டில்தான் தொங்குகிறது. டப்லெட் தொளதொளவென்றிருந்தால் மொத்த எடையும் காலை இழுக்கும். வளையப் பின்னலில் ஒவ்வொரு வளையமும் ஆணி அறைந்து மூடியதாக இருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் பலர் போட்டிருப்பது இந்தியாவில் செய்தது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

எந்த வார் எங்கே போகும் என்று குழம்பினால் வாரிக் புனித மேரி தேவாலயத்துக்குப் போய்விடுவோம். அங்கே 1439இல் இறந்த ரிச்சர்ட் பீச்சம் பிரபு முழுக் கவசத்தோடு பொன்முலாம் பூசிய சிலையாகப் படுத்திருக்கிறார். படுத்த சிலையின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் முதுகுப்பக்க வாரையும் கொக்கியையும்கூட விடாமல் வடித்திருக்கிறார்கள்.

அந்தக் கொக்கிகள்தான் சிக்கல். போட்டவரின் கைக்கு எட்டாது, கட்டிவிட ஓர் ஆள் வேண்டும். எனக்கு மனைவி. "என்னங்க, மூச்சு விட முடியுதா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு துளை இறுக்குவாள். பூக்கட்டிப் பழகிய கை, அவள் போட்ட முடிச்சு மாலைவரை அசையாது. போர் நாளன்று விடிந்ததுமே பக்கத்து வீட்டுக்காரரும் கவசத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறார்.